நாலு ஸ்லாட், மூன்று வகை செல்: வீட்டுக்கு எந்த சார்ஜர் வாங்கலாம்?

சார்ஜர் வாங்கக் கிளம்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கும் ரீசார்ஜ் செல்கள் எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் கொட்டியபோது வந்த கணக்கு இது. அம்மா பிரஷர் பார்க்கும் மெஷினுக்கு நாலு பென்டார்ச் செல் (ஏஏ), கேமரா ஃப்ளாஷுக்கு இன்னொரு நாலு, ரிமோட்டுக்கும் பிள்ளைகளின் பொம்மைக்கும் சின்ன சைஸில் (ஏஏஏ) ஆறு. இந்தப் பதினாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. அப்புறம் டார்ச்சில் போடும் 18650 என்ற, பென்டார்ச் செல்லை விடப் பெரிய லித்தியம் செல் இரண்டு. கடைசியாக, மொட்டை மாடி சோலார் விளக்குகளில் இருந்து கழற்றிய நாலு செல். பார்வைக்கு அச்சு அசலாகப் பென்டார்ச் செல் போலவே இருக்கும். அந்த நாலு செல்தான் இந்த ஒப்பீட்டில் என்னை இவ்வளவு ஆழமாக இறக்கிவிட்டது.

மழைக்காலத்தில் அந்த விளக்குகள் சரியாக எரியவில்லை. செல்லைக் கழற்றி, எல்லா வகையையும் தானே கண்டுபிடித்து ஏற்றும் என்று அட்டையில் போட்டிருந்த ஒரு யுனிவர்சல் சார்ஜரில் மாட்டினேன். லித்தியம் என்று காட்டியது. சரி என்று விட்டுவிட்டேன். 3.31 வோல்ட்டில் தொடங்கியது. வெகுநேரம் 3.4 பக்கத்திலேயே நின்றது. ஒரு மணி நேரம் கழித்துத் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தால் 3.6. தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் 3.75. கை வைக்கப் போகும்போது 3.9. செல்லை எடுத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. உறையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் பொடி எழுத்தில் 3.2 வோல்ட் என்று இருப்பது தெரிந்தது. அது லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல். 3.65 வோல்ட்டில் நிறுத்த வேண்டியதை அந்தச் சார்ஜர் சாதாரண லித்தியம் செல்லுக்கு உரிய 4.2 வரை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

சார்ஜரைக் குறை சொல்லிப் பயனில்லை. தானே கண்டுபிடிக்கிறது என்றால் அது உள்ளே எட்டிப் பார்த்து என்ன ரசாயனம் என்று தெரிந்துகொள்வதில்லை. செல்லில் இப்போது எத்தனை வோல்ட் இருக்கிறது என்று மட்டும் அளக்கிறது. ஒன்றரை வோல்ட்டுக்குள் இருந்தால் நிக்கல், இரண்டரை மூன்றுக்கு மேல் இருந்தால் லித்தியம் என்று முடிவு கட்டுகிறது. நிக்கலையும் லித்தியத்தையும் இப்படிப் பிரித்துவிடலாம், நடுவில் போதுமான இடைவெளி இருக்கிறது. ஆனால் பாஸ்பேட் செல் ஓய்வாக இருக்கும்போது 3.2, 3.3 காட்டும். ஏறக்குறையக் காலியான, 18650 போன்ற சாதாரண லித்தியம் அயான் செல்லும் அதையேதான் காட்டும். இரண்டையும் வோல்ட்டை வைத்துப் பிரிக்க எந்தச் சார்ஜராலும் முடியாது. நாம்தான் சொல்ல வேண்டும். ஆகவே சார்ஜர் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம், எத்தனை வகை செல்லை ஏற்றும் என்பது அல்ல, இது பாஸ்பேட் செல் என்று நாம் கையால் சொல்ல அதில் வழி இருக்கிறதா என்பது.

அன்று பெரிய விபரீதம் ஒன்றும் நடக்கவில்லை. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால், சூடானாலும் சுலபத்தில் பிரிந்து வராது. லித்தியம் வகைகளிலேயே அது பொறுமைசாலி. இந்தக் குடும்பத்துக்கு வழி திறந்த ஆராய்ச்சியில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பங்கு உண்டு. மதுரையில் வேதியியல் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கிய ஆறுமுகம் மந்திரம், 1980களில், பின்னாளில் லித்தியம் பேட்டரிக்காக நோபல் பெற்ற ஜான் குட்எனஃபோடு சேர்ந்து வேலை செய்தவர். 2019இல் குட்எனஃப் சார்பாக நோபல் உரையை நிகழ்த்தியவரும் அவர்தான். பொறுமைசாலி என்பதற்காகத் திரும்பத் திரும்ப 4.2க்கு ஏற்றினால் செல் சீக்கிரம் செத்துப்போகும்.

சரி, சார்ஜர்களுக்கு வருவோம். வீட்டு உபயோகத்துக்குப் பார்த்தால் சந்தையில் இருப்பவை நாலு தரமாகப் பிரியும்.

முதலாவது, நிக்கலை மட்டும் ஏற்றுவது. எனலூப் செல்லோடு பானசோனிக் விற்கும் பிக்யூ-சிசி17, பிக்யூ-சிசி55 போன்றவை. சிசி17 நிதானமானது, நாலு பென்டார்ச் செல்லை நிரப்ப ஏழு மணி நேரம் ஆகும். சிசி55 மூன்று மணி நேரத்தில் முடித்துவிடும். இரண்டிலுமே ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனிக் கவனிப்பு உண்டு. பழைய மலிவுச் சார்ஜர்களில் செல்லை ஜோடியாகத்தான் போட வேண்டும். ஒன்று பாதி, ஒன்று காலி என்று போட்டால் பாதி இருந்தது நிரம்பி வழியும், காலியாக இருந்தது அரைகுறையாக நிற்கும். நிக்கல் செல் வாங்கி ஆறே மாதத்தில் கெட்டுவிட்டது என்று சொல்பவர்கள் பலரும் செல்லைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் கொன்றது ஜோடிச் சார்ஜர்.

இந்த முதல் தரத்தில் பொத்தான் கிடையாது, எண் கிடையாது, தவறாக அமைக்க ஒன்றுமே கிடையாது. வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் கை வைக்கும் சார்ஜருக்கு இது எவ்வளவு பெரிய குணம் என்பதைச் சோலார் செல் விவகாரத்துக்குப் பிறகுதான் நான் உணர்ந்தேன்.

இரண்டாவது, நிக்கலும் லித்தியம் அயானும் ஏற்றி, திரையில் எண்ணும் காட்டுவது. லீட்டோகாலா லீ-500, எக்ஸ்டார் விசி4எஸ்எல் இரண்டும் இந்த வகை. லீ-500இல் 300, 500, 700, 1000 மில்லிஆம்ப் என்று நாலு அளவில் கரண்ட்டைத் தேர்ந்தெடுக்கலாம். செல்லின் கொள்ளளவை அளந்து சொல்லும், உள்தடையையும், அதாவது செல்லுக்குள்ளேயே கரண்ட்டுக்கு இருக்கும் தடையையும் காட்டும். விசி4எஸ்எல் டைப்-சி கேபிளில் ஓடும். தனி அடாப்டர் தேவையில்லை, வீட்டில் இருக்கும் நல்ல போன் அடாப்டரே போதும். ஆனால் இரண்டிலும் பாஸ்பேட்டுக்கு வழி இல்லை. மாட்டினால் லித்தியம் அயான் என்றே எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, பாஸ்பேட்டையும் கையால் சொல்ல முடிவது. நைட்கோர் டி4இல் செல்லைப் போட்ட பிறகு அந்த ஸ்லாட் எந்த வோல்ட்டில் நிறுத்த வேண்டும் என்பதை நாமே மாற்றலாம். ஓபஸ் பிடி-சி3100இல் அதற்கான ஸ்விட்ச் சார்ஜரின் உள்ளே, மூடியைக் கழற்றினால்தான் தெரியும் இடத்தில் இருக்கிறது. இது நாலு ஸ்லாட்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்விட்ச். பாஸ்பேட்டுக்கு மாற்றிவிட்டு மறந்தால் அடுத்த முறை 18650 நிரம்பாமல் நிற்கும். அதில் ஆபத்து இல்லை. திரும்ப 4.2க்கு மாற்றிவிட்டு, மறந்துபோய்ப் பாஸ்பேட்டைப் போட்டால்தான் ஆபத்து. டி4இல் ஒரு ஸ்லாட்டுக்கு மாற்றியது மற்ற ஸ்லாட்டுகளைத் தொடாது, செல்லைப் போட்டதும் பாஸ்பேட் என்று சொல்ல மட்டும் மறக்கக் கூடாது. ஆனால் அதில் வேறு குறை உண்டு. இரண்டு செல் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 750 மில்லிஆம்ப் வரை போகும், நாலும் போட்டால் 375 ஆகிவிடும். ஏன் இது முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

நாலாவது ஸ்கைஆர்சி எம்சி3000. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ரசாயனம், கரண்ட், நிறுத்தும் வோல்ட், வெப்ப எல்லை எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வைக்கலாம். நிக்கல்-துத்தநாகம் மாதிரி அபூர்வ வகைகளையும் ஏற்றும். போனில் வரைபடமாகப் பார்க்கலாம். அருமையான கருவி, விலையும் அதற்கேற்றபடி. செல்களோடு விளையாடுவதே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு இது. ரிமோட்டுக்கும் பொம்மைக்கும் செல் ஏற்ற இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி, அட்டையில் எழுதாத ஒரு விஷயம். பல்வகைச் சார்ஜர்களை லித்தியத்தை வைத்துத்தான் எல்லாரும் ஒப்பிடுகிறார்கள். ஆனால் லித்தியம் ஏற்றுவது சார்ஜருக்குச் சுலபமான வேலை. 4.2 வோல்ட் வந்ததும் அதைத் தாண்டாமல் பிடித்துக்கொண்டு, கரண்ட் குறைந்து குறைந்து ஓய்ந்ததும் நிறுத்தினால் போதும். கடினமானது நிக்கல்தான். நிக்கல் செல்லுக்கு இந்த வோல்ட்டில் நிறுத்து என்று ஓர் எண் கிடையாது. ஏறிக்கொண்டே போய், நிரம்பியதும் வோல்ட் ஒரு சொட்டு இறங்கும். 5லிருந்து 10 மில்லிவோல்ட் வரைதான், அதாவது ஒரு வோல்ட்டில் அதிகபட்சம் நூற்றில் ஒரு பங்கு. அந்தச் சின்ன இறக்கத்தைப் பார்த்துத்தான் சார்ஜர் நிறுத்த வேண்டும். கரண்ட் ரொம்பக் குறைவாக இருந்தால் அந்த இறக்கம் தெளிவாக வராது. சார்ஜர் அதைத் தவறவிட்டு ஏற்றிக்கொண்டே இருக்கும், செல் சூடாகும். 2000 எம்ஏஎச் கொள்ளளவுள்ள பென்டார்ச் செல்லை 200 மில்லிஆம்ப்பில் ஏற்றினால் செல்லுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். மெதுவாக ஏற்றவே வடிவமைத்த, நேரக் கணக்கும் காவலுக்கு வைத்த சார்ஜரில் அது சரி. இறக்கத்தை மட்டும் நம்பும் சார்ஜரில் அது தவறு. அப்படிப்பட்ட சார்ஜரில் பென்டார்ச் செல்லுக்கு 700 முதல் 1000, ரிமோட் சைஸுக்கு 300 முதல் 500 என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ஆகவே நாலு செல் போட்டதும் கரண்ட் பாதியாகிவிடும் சார்ஜரில், நிக்கல் செல்லை இரண்டு இரண்டாகப் போடுவது மேல்.

என்ன செய்தாலும், சார்ஜ் முடியும் நேரத்தில் செல்லைத் தொட்டுப் பாருங்கள். நிக்கல் செல் கடைசி அரைமணியில் வெதுவெதுப்பாவது இயல்பு. விரல் வைக்க முடியாத சூடு என்றால் அந்தச் சார்ஜருக்கு நிறுத்தத் தெரியவில்லை. நம் ஊர் மே மாதத்தில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பொதுவாக 45 டிகிரிக்கு மேல் நிக்கலையும் லித்தியத்தையும் ஏற்றக் கூடாது என்பார்கள். மதியம் மூடிய அறையில் 38, 39 டிகிரி இருக்கும்போது செல்லுக்கு மிச்சம் இருக்கும் இடம் கொஞ்சம்தான். கோடையில் நான் இரவில், ஃபேனுக்குக் கீழே, கல் தரையில் வைத்துத்தான் ஏற்றுகிறேன். மெத்தை மேலோ துணி மேலோ வைப்பது எந்தக் காலத்திலும் வேண்டாம்.

அளந்து காட்டும் திரைக்கு அதிகம் செலவழிக்கலாமா என்று எனக்கும் தயக்கம் இருந்தது. அதைத் தீர்த்துவைத்தது அம்மாவின் மெஷின். பட்டையைக் கையில் சுற்றி பட்டனை அமுக்கினால் காற்று ஏறிக்கொண்டே போய்ப் பாதியில் நின்றுவிடும். "மறுபடியும் பாதியிலேயே நிக்குதுடா, நேத்துதானே ஏத்துன?" என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு செல்லையும் ஒரு நாள் முழுக்கச் சார்ஜரில் டெஸ்ட்டில் விட்டேன். முதலில் நிரப்பி, பிறகு முழுவதும் இறக்கி, இறங்கும்போது எவ்வளவு வந்தது என்று எண்ணி, மறுபடி நிரப்பும் முறை அது. மறுநாள் காலையில் திரையில் 1910, 1880, 1895 எம்ஏஎச் என்று மூன்று ஸ்லாட். நாலாவதில் 1120. மெஷினில் நாலும் ஒன்றின் பின் ஒன்றாகத்தான் இருக்கின்றன. மற்ற மூன்றும் எவ்வளவு திடமாக இருந்தாலும் அந்த ஒன்று காலியானதும் எல்லாம் நின்றுவிடும். அந்த ஒன்றை மட்டும் சுவர்க் கடிகாரத்துக்கு மாற்றினேன், ஃப்ளாஷ் செல்களில் இருந்து 1900 காட்டிய ஒன்றை இங்கே கொண்டுவந்தேன். அதற்கப்புறம் மெஷின் நிற்கவில்லை. திரை இல்லாத சார்ஜர் நாலு செல்லுக்கும் பச்சை விளக்குதான் காட்டியிருக்கும்.

டெஸ்ட்டில் இரண்டு வகை உண்டு, குழம்பிவிட வேண்டாம். லீ-500இல் ஃபாஸ்ட் டெஸ்ட் என்பது செல்லை இறக்கிவிட்டு, திரும்ப ஏற்றும்போது உள்ளே போனதை எண்ணுவது. நார் டெஸ்ட் என்பது வெளியே வந்ததை எண்ணுவது. நிக்கல் செல்லில் உள்ளே போவதில் ஒரு பங்கு சூடாகவே போய்விடும் என்பதால் ஃபாஸ்ட் டெஸ்ட் எப்போதும் கூட்டித்தான் சொல்லும். செல்லை எடை போட நார் டெஸ்ட்டை நம்புங்கள், நேரம் அதிகம் ஆனாலும் பரவாயில்லை. உள்தடை எண்ணை மட்டும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஸ்லாட்டில் செல்லைக் கொஞ்சம் திருப்பி வைத்தாலே எண் மாறிவிடுகிறது.

18650 வாங்குகிறவர்களுக்கும் இந்த அளவுகோல் மிகவும் உதவும். 9900 எம்ஏஎச் என்று அச்சிட்ட செல்கள் இணையக் கடைகளில் இன்னும் விற்கின்றன. அந்த சைஸில் நல்ல நிறுவனங்களின் உயர்ந்த செல்களே பெரும்பாலும் 3500 பக்கம்தான். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்களையும் பலர் பயன்படுத்துகிறார்கள். அவற்றை ஏற்றி, இரண்டு வாரம் சும்மா வைத்து, வோல்ட் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே டார்ச்சில் போட வேண்டும். ஏற்கெனவே இரண்டு வோல்ட்டுக்குக் கீழே போய்ச் செத்த லித்தியம் செல்லை எழுப்புகிறோம் என்று சில சார்ஜர்கள் பெருமையாக விளம்பரம் செய்கின்றன. எழுப்ப வேண்டாம். அந்த அளவுக்குக் காலியான செல்லுக்குள் செம்பு கரைந்து கண்ட இடத்தில் படிந்திருக்கலாம், பிறகு ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆகும். பிளஸ் முனைப் பக்கம் பிளாஸ்டிக் உறை கிழிந்த 18650யையும் ஸ்லாட்டில் போடாதீர்கள். அந்த உறைக்கு அடியில் இருக்கும் குப்பி முழுவதும் மைனஸ், பிளஸ் முனைக்கு அருகிலேயே இருக்கிறது.

கட்டை செல்லுக்கு, அதாவது பெரிய டார்ச்சிலும் கேஸ் கீசரிலும் போடுகிறோமே, அதற்குச் சார்ஜர் தேடுகிறவர்கள் ஸ்லாட்டின் அகலத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். மேலே சொன்னவற்றில் பலவற்றில் அது உட்காராது. மைக்கில் போடும் 9 வோல்ட் செல்லையும் இவை ஏற்றாது. அதற்குத் தனிச் சார்ஜர்தான்.

இன்னொரு புதுவரவையும் சொல்லிவிட வேண்டும். பென்டார்ச் சைஸிலேயே, பக்கவாட்டில் டைப்-சி ஓட்டை வைத்து, 1.5 வோல்ட் லித்தியம் என்று விற்கிறார்கள். உள்ளே சின்ன லித்தியம் செல்லும் வோல்ட்டைக் குறைக்கும் ஒரு சர்க்யூட்டும் இருக்கின்றன. வெளியே 1.5 காட்டுவதால், வோல்ட்டை மட்டும் பார்க்கும் சார்ஜர் இதை நிக்கல் என்று நினைத்து ஏற்றப் பார்க்கும். சர்க்யூட் கெடும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இதற்கென்று செய்த சார்ஜரிலோ, அதன் சொந்த கேபிளிலோ மட்டும்தான் ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டில் இந்த வகையை வேண்டாம் என்றே வைத்துவிட்டேன். பென்டார்ச் சைஸில் இரண்டு ரசாயனம் கலந்து கிடந்தாலே போதுமான தலைவலி.

ஆக, தாம்பாளத்தில் நிக்கல் மட்டும் இருந்தால் முதல் தரம் போதும், யோசிக்கவே வேண்டாம். 18650ஓ, பழைய செல்களைத் தரம் பிரிக்கும் தேவையோ இருந்தால் இரண்டாவது தரத்துக்குப் போங்கள். பாஸ்பேட் செல்லை மாதாமாதம் ஏற்றப் போகிறீர்கள் என்றால் மட்டும் மூன்றாவது. எதை வாங்கினாலும், செல்லின் மேல் ஐஎஸ் 16046 என்ற தரக் குறியும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நல்ல சார்ஜரில் மோசமான செல்லைப் போட்டு ஒரு லாபமும் இல்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே சார்ஜர் என்றுதான் நானும் தேடத் தொடங்கினேன். முடிவில் இரண்டு வைத்திருக்கிறேன். ஹாலில் டிவி அலமாரிக்குப் பக்கத்தில் நிக்கல் மட்டும் ஏற்றும் சாதாரணச் சார்ஜர். அதில் 18650 உள்ளேயே போகாது, நீளம் இடம் கொடுக்காது. அம்மாவும் பிள்ளைகளும் என்னைக் கேட்காமலே அதில் ஏற்றிக்கொள்கிறார்கள். என் மேஜையில் அளந்து காட்டும் லீ-500. லித்தியம் அதில் மட்டும்தான், நான் அறையில் இருக்கும்போது மட்டும்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நிக்கல் செல்களை எல்லாம் அதில் ஓட்டி, வந்த எண்ணை மார்க்கர் பேனாவால் செல்லின் மேலேயே எழுதிவிடுகிறேன்.

சோலார் விளக்கின் நாலு செல்லுக்கும் நெயில் பாலிஷால் சிவப்பு வளையம் போட்டாயிற்று. அவற்றை இப்போது எந்தச் சார்ஜரிலும் ஏற்றுவதில்லை. 3.65இல் நிறுத்தத் தெரிந்த சர்க்யூட் அந்த விளக்குக்குள்ளேயே இருக்கிறது. தகட்டின் மேல் படிந்திருந்த புழுதியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வாட்டர் டேங்க் நிழல் விழாத மூலைக்கு விளக்குகளை மாற்றி வைத்தேன். இப்போது விடிய விடிய எரிகின்றன.